ஜிப்சி கிங்: பின்னால இடது பக்கம் சரிஞ்சு நிக்குது, 60-ல ஸ்டியரிங் உதறுது. பட்டை சேர்க்கவா, ஷாக் மாத்தவா?

முட்டம் ஜிப்சி:

வண்டி 2009 மாருதி ஜிப்சி கிங் ஜீப், ஹார்ட் டாப். வீடு கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் பக்கம், கடலுக்கு அரை கிலோமீட்டர். கீரிப்பாறைக்கு மேல ரப்பர் தோட்டத்துக்கு வாரத்துல ரெண்டு நாள் போகும். ஏறும்போது உரமூடை, இறங்கும்போது ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையில ஒட்டி உறைஞ்ச ரப்பர்). டயர் கம்பெனி அளவுதான், 205/70 ஆர் 15.

பிரச்சனை மூணு. ஒண்ணு, சமதரையில நிறுத்தினா பின்னால இடது பக்கம் கண்ணுக்குத் தெரியுற அளவு இறங்கி நிக்குது. ரெண்டு, பிரேக் பிடிச்சாலும் நின்ன இடத்துல இருந்து எடுத்தாலும் பின்னால ‘டக்’னு ஒரு அடி. மூணு, 55-60 வேகத்துல பாலத்து ஜாயின்ட் மேல ஏறி இறங்கினா ஸ்டியரிங் வெறி பிடிச்ச மாதிரி உதறுது. 30-க்குக் குறைச்சாத்தான் அடங்குது.

முன்னாடி வச்சிருந்தவர் நாலு சக்கரத்துக்கும் நீளமான சாக்கிள் (ஸ்பிரிங் முனையை சேசிஸோட சேர்க்குற ஆடும் தகடு) போட்டு ஏத்தி வச்சிருக்கார். இங்க மெக்கானிக் சொல்றது: பின்னால ரெண்டு செட்டுக்கும் ஒவ்வொரு பட்டை (ஸ்பிரிங் தகடு) சேர்க்கணும், நாலு ஷாக் அப்சார்பரும் மாத்தணும், ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்குற ஷாக்) ஒண்ணு போடணும். எதை முதல்ல செய்யலாம்? வேற எங்கயாவது பாக்கணுமா?

வடசேரி பட்டறை:

அந்த மூணுல எதையும் இப்ப வாங்க வேண்டாம். முதல்ல டேப்பை எடுங்க.

ஜிப்சியில நாலு சக்கரமும் பட்டை ஸ்பிரிங்தான். காயில் ஸ்பிரிங் வண்டியில ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கும். ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்குற அச்சு) நகராம பிடிக்க தனியா கம்பிகள் இருக்கும். இதுல அந்தக் கம்பி கிடையாது. பாரம் தாங்குறது, ஆக்சிலை அதன் இடத்துல பிடிச்சு வைக்கிறது, பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்காம நிறுத்துறது, மூணும் அந்தப் பட்டைச் செட்டு பொறுப்பு. அதனால புஷ் (ஸ்பிரிங் முனையில உள்ள ரப்பர்), சாக்கிள், சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவுல கோர்க்குறது), யூ போல்ட் (பட்டைச் செட்டை ஆக்சிலோட கட்டுறது) இதுல எது தளர்ந்தாலும் ஆக்சிலே அலையும். நீங்க கேக்குற ‘டக்’ அங்க இருந்துதான் வரணும். ஷாக்குக்கும் வண்டி நிக்குற உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஷாக் ஆட்டத்தை அடக்கும், வண்டியைத் தூக்காது. சரிஞ்சு நிக்குற வண்டிக்கு ஷாக் மாத்தச் சொன்னா காரணம் கேளுங்க.

அளக்குற முறை: வண்டி காலி, நாலு டயர்லயும் காத்து சமம், சிமெண்ட் தரை. கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டிட்டு நிறுத்துங்க, இல்லன்னா பட்டைகளுக்கு இடையில உள்ள உரசல்ல ஸ்பிரிங் முழுசா உட்காராது, அளவு பொய் சொல்லும். சக்கரத்து நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதுங்க. இடது வலது வித்தியாசம் 10 மில்லிக்குள்ள இருந்தா விட்டுடுங்க.

அடுத்த அளவைத்தான் பலரும் எடுக்கிறதில்லை. ஸ்டியரிங்கை நேரா வச்சுக்கிட்டு, முன் சக்கரத்து நடுவுல இருந்து பின் சக்கரத்து நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. ஜிப்சிக்கு 2375 மில்லி. ரெண்டு பக்கமும் 5 மில்லிக்கு மேல வித்தியாசம் வந்தா ஒரு பக்கம் ஆக்சில் நகர்ந்திருக்கு, பெரும்பாலும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டிருக்கும்.

கீழ படுத்துப் பாக்கும்போது பட்டைகளுக்கு நடுவுல செம்மண் நிறத்துல பொடி தள்ளியிருக்கான்னு பாருங்க. கீரிப்பாறை ரோட்டு மண்ணும் அதே நிறம்தான், அதனால தண்ணி விட்டுக் கழுவி, ரெண்டு நாள் ஓட்டின பிறகு பாருங்க. கழுவின பிறகும் ஒரே இடத்துல கோடு மாதிரி வந்தா அது மண் இல்லை, துரு. ஒடிஞ்ச பட்டை உரசுற இடம். யூ போல்ட் பிடிக்கு உள்ள ஒடிஞ்சா வெளியே வேற அடையாளம் தெரியாது.

இன்னொண்ணு. ஒட்டுப்பால் தண்ணி எந்தப் பக்கம் வடியுது?

தக்கலை ஃபோர்வீல்:

அண்ணாச்சி பின்பக்கத்தைச் சொல்லிட்டாங்க, நான் உதறலுக்கு வாறேன்.

டேம்பர் போட்டா உதறல் மறையும், காரணம் அப்படியே இருக்கும். காரணம் தேட ரெண்டு ஆள் வேணும். டயர் தரையில நிக்கும்போதே ஒருத்தர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சின்னதா ஆட்டிக்கிட்டே இருக்கட்டும். இன்னொருத்தர் கீழ ஒவ்வொரு டை ராடு (ரெண்டு முன் சக்கரத்தையும் சேர்க்குற கம்பி) எண்டுலயும் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு வர்ற கம்பி) முனையிலயும் விரல் வச்சுப் பாக்கணும். ஆட்டம் உள்ள ஜாயின்ட்ல ரெண்டு பாகமும் வேற வேற நேரத்துல அசையுறது விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸ்ல இறுகிப் பிடிக்குற போல்ட்டையும் அப்பவே பாத்துக்கிடுங்க.

பிறகு முன்பக்கம் ஜாக்கி வச்சுத் தூக்கி, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா உள்ள ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் போயிட்டா வீல் பேரிங். மிதிச்ச பிறகும் ஆட்டம் இருந்தா கிங் பின் (சக்கரம் இடது வலதா திரும்புற அச்சு) பேரிங். பிரேக் ஹப்பையும் (சக்கரம் மாட்டுற நடுப்பாகம்) நக்கிளையும் (ஸ்டியரிங்கோட திரும்புற பாகம்) ஒண்ணாப் பூட்டிடும், அதனால மிச்சம் இருக்குற ஆட்டம் நக்கிளுக்கு உள்ள இருந்துதான் வர முடியும்.

நீள சாக்கிள்தான் இதுல பெரிய குற்றவாளின்னு நினைக்கிறேன். ஜிப்சியில முன் ஸ்பிரிங்குக்கு சாக்கிள் முன்முனையில இருக்கு. அதை நீட்டினா ஸ்பிரிங்கோட முன்முனை கீழ இறங்கும், ஆக்சில் முன்பக்கமாச் சுழலும், கேஸ்டர் (கிங் பின் பின்னால சாய்ஞ்சு நிக்குற கோணம்) குறையும். கம்பெனி கொடுத்தது மூன்றரை டிகிரிதான், அதுல குறைய இடமே இல்லை. கேஸ்டர் குறைஞ்சா ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பாது. ஒரு அடி பட்டா அடங்காம ஆடும். வளைவுல திரும்பி முடிச்சதும் ஸ்டியரிங்கைக் கையால இழுத்துக் கொண்டு வர வேண்டியிருக்கா? அப்படின்னா இதுதான்.

அருமனை மலைரோடு:

ஷாக் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. பானெட்டை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுதுன்னு பாக்குற சோதனை பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு ஒத்துவராது. பட்டைகளோட உரசலே ஆட்டத்தை அடக்கிடும். செத்த ஷாக்கும் நல்லதுன்னு தோணும். கல்லு ரோட்டுல பத்து நிமிஷம் ஓட்டிட்டு இறங்கி நாலு ஷாக்கையும் தொட்டுப் பாருங்க. வேலை செய்யுற ஷாக் சூடா இருக்கும். மூணு சூடு, ஒண்ணு குளிர்ச்சின்னா குளிர்ந்தது வேலை செய்யலை. சைலன்சர் பக்கத்துல உள்ளதை மட்டும் அந்தக் கணக்குல சேர்க்காதீங்க. சந்தேகம் தீர, கழற்றி நிமிர்த்திப் பிடிச்சு கையால இழுத்து அமுக்குங்க. நடுவுல எங்கயாவது தடையில்லாம வழுக்கினா எண்ணெய் போயிட்டுது.

முட்டம் ஜிப்சி:

எல்லாம் பாத்தாச்சு. பின் இடது 28 மில்லி தாழ்வு. சக்கரத்துக்குச் சக்கரம் வலது 2376, இடது 2367. கழுவி ஓட்டின பிறகு இடது செட்டுல ரெண்டாவது மூணாவது பட்டைக்கு நடுவுல, தகட்டை ஒட்டி சிவப்புப் பொடி. அந்தப் பக்கத்து யூ போல்ட் நட்டு அரைச் சுத்து லேசாவே திரும்புச்சு. பின் இடது ஷாக் குளிர்ச்சி, மத்த மூணும் சூடு. முன் வலது சக்கரத்துல பிரேக் மிதிச்ச பிறகும் மேல கீழ ஆட்டம். ஸ்டியரிங் தானா திரும்பலை, உண்மைதான். ஒட்டுப்பால் சாக்கு இடது பக்கம்தான் கிடக்கும், தண்ணி பின் கதவு ஓரமா இடது சாக்கிள் மேலயே வடியுது.

வடசேரி பட்டறை:

அப்ப கணக்கு நேராயிட்டுது. யூ போல்ட் முதல்ல தளர்ந்திருக்கு. அது இறுக்கமா இருக்குற வரைக்கும் அதன் பிடிக்குள்ள உள்ள பட்டை வளையாது. தளர்ந்ததும் வளைவு உள்ள வரைக்கும் போய், சென்டர் போல்ட் ஓட்டையில முடியும். பட்டையில பலவீனமான இடம் அந்த ஓட்டைதான். ரெண்டாம் பட்டை அங்க ஒடிஞ்சு, சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, ஆக்சில் இடது பக்கம் 9 மில்லி முன்னால நகர்ந்திருக்கு. பிரேக்குல ஒரு பக்கமும் எடுக்கும்போது மறுபக்கமும் அது நகர்றதுதான் உங்க ‘டக்’. இந்த நிலையில மெயின் ரோட்டுல ஓட்ட வேண்டாம், தோட்டத்துக்கு சுமையோட போகவே வேண்டாம்.

ஒட்டுப்பால் தண்ணி புளிச்ச அமிலம். ஷீட் அடிக்கிறதுக்கு ஊத்துற ஃபார்மிக் ஆசிட் மிச்சமும் அப்படித்தான். ஸ்பிரிங் இரும்புல அது சின்னச் சின்னக் குழி போடும், அந்தக் குழியில இருந்து விரிசல் ஆரம்பிக்கும். கடற்காத்தும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்.

பட்டை சேர்க்கிற பேச்சை விடுங்க. ஒடிஞ்ச செட்டுல ஒண்ணைச் செருகினா ஒடிஞ்சது ஒடிஞ்சதாத்தான் இருக்கும். புதுப் பட்டை விறைப்பா நிக்கும், பழையது தளர்ந்திருக்கும். பாரம் சமமாப் பகிராது. பின் ரெண்டு பக்கமும் முழுச் செட்டா மாத்துங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மறுபடி கோணல்தான். பழைய பட்டையைச் சூடாக்கி அடிச்சு வளைவு ஏத்தித் தர்ற பட்டறைகள் உண்டு. உலையில காய்ச்சின பிறகு எண்ணெயில முக்கி, திரும்ப அளவான சூட்டுல பதம் போடாத பட்டை சில மாசத்துல மறுபடி உட்கார்ந்திடும், இல்லன்னா கண்ணாடி மாதிரி ஒடியும். பதம் போடுற வசதி இருக்கான்னு கேட்டுட்டுக் கொடுங்க.

வேலை செய்யுற முறை. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைங்க, ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம். சேசிஸ்ல ஸ்டாண்ட் கொடுங்க. மண் தரைன்னா அடியில தடிமனான பலகை. ஆக்சிலுக்குத் தனியா இன்னொரு ஜாக்கி. ஜிப்சியில பட்டை ஆக்சிலுக்கு அடியில இருக்கு, அதனால யூ போல்ட்டைக் கழற்றினதும் தகடும் பட்டையும் கீழ வரும், ஆக்சில் ஜாக்கியில மட்டும்தான் நிக்கும். அது இறங்கி பிரேக் ஹோஸ்ல தொங்கிடக் கூடாது. போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. சாக்கிள் போல்ட் வரலைன்னா வெட்டி எடுங்க. பெட்ரோல் டேங்க் பின்னாலதான் இருக்கு, கேஸ் வெல்டிங் தீயை அங்க கொண்டு போகாதீங்க.

புதுச் செட்டை ஏத்தும்போது சென்டர் போல்ட் தலை ஆக்சில் இருக்கையில உள்ள குழியில சரியா உட்காரணும். உட்காராம முடுக்கினா இப்ப இருக்குற கதையே திரும்ப வரும். அந்தக் குழி முட்டை வடிவமா விரிஞ்சிருக்கான்னும் பாருங்க, விரிஞ்சிருந்தா வெல்டு போட்டுக் கடைஞ்சு எடுக்கணும்.

யூ போல்ட் நாலும் புதுசு. பழையது ஒரு தடவை இழுபட்டது, மறுபடி அதே பிடி பிடிக்காது. சாதாரணக் கம்பியை வளைச்சு மரை வெட்டித் தர்றதை வாங்காதீங்க. நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முடுக்கி, டார்க் ரெஞ்சுல 60-80 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டு வாங்க. நாலு முனையிலயும் நட்டுக்கு வெளியே தெரியுற மரை ஒரே நீளம் இருக்கணும். 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 500-ல ஒரு தடவை திரும்ப டார்க் வைக்கணும். உங்க பழைய செட்டுக்கு யாரும் அதைச் செய்யலைன்னு தோணுது.

புஷ்ஷுக்கு வாறேன். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் மூணு இடம், மொத்த வண்டிக்கு 12 இடம். ரெண்டு பாதியா வர்ற புஷ்ன்னா 24 துண்டு. போடும்போது சோப்புத் தண்ணி போதும், கிரீஸ் தடவாதீங்க. ரப்பர் பாலோட புழங்குற ஊர்ல இதைச் சொல்ல வேண்டியதில்லை: பெட்ரோலிய எண்ணெய் பட்டா இயற்கை ரப்பர் ஊறி உப்பிப் போகும். கடைசியா, சாக்கிள் நட்டுகளையும் கண் போல்ட்டையும் (ஸ்பிரிங் முனை வளையத்துல போறது) வண்டி சக்கரத்துல நின்ன பிறகுதான் முழுசா முடுக்கணும். தூக்கி வச்சிருக்கும்போதே முடுக்கினா ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கிடும்; வண்டியை இறக்கினதும் முறுக்குப்பட்டு நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். புது புஷ் ஆறு மாசத்துல போச்சுன்னு வர்ற வண்டிகள்ல பாதி இந்தக் காரணம்தான்.

அருமனை மலைரோடு:

ஒரு இடத்துல மாறுபடுறேன் அண்ணாச்சி. தினம் உரமூடை ஏத்துற வண்டிக்கு ஒரு பட்டை கூடுதல் போடுறது தப்பில்லை. நல்ல செட்டுல, அதே அகலம், அதே வளைவு, அதே தடிமனுக்கு ஒத்ததா, ரெண்டு பக்கமும் போடணும். காலியா வரும்போது தூக்கித் தூக்கிப் போடும், மேடுபள்ளத்துல ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும், அதுக்கு ஒத்துக்கிட்டவங்க போடலாம்.

வடசேரி பட்டறை:

தினம் ஏத்துறவங்களுக்குச் சரி. வாரத்துல ரெண்டு நாள் மூடைக்காக அஞ்சு நாள் குலுங்க வேண்டாமேன்னு சொன்னேன்.

தக்கலை ஃபோர்வீல்:

முன் வலது கிங் பின் பேரிங். நக்கிளைத் திறந்தா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, டேப்பர் பேரிங். உள்ள கிரீஸ் தண்ணியோட கலந்து காப்பி நிறத்துல இருந்தா பின்பக்க வளைய சீல் போயிட்டுது, ஓடைத் தண்ணி உள்ள போகுது. பேரிங்கையும் கப்பையும் (பேரிங்கோட வெளி வளையம்) சேர்த்தே மாத்துங்க. கப்புல ரோலர் அச்சு விழுந்திருந்தா ஸ்டியரிங் நேர்நிலையில ஒரு பள்ளத்துல மாட்டின மாதிரி நிக்கும்.

இறுக்கம் ஷிம்மாலதான் (இடையில வைக்குற மெல்லிய தகடு) சரி பண்ணணும். சீல் இல்லாம, டை ராடு கழற்றின நிலையில, நக்கிள் கை முனையில ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தா 1 முதல் 1.8 கிலோவுக்குள்ள நகரணும். அதுக்குக் கீழன்னா ஷிம்மை எடுங்க, மேலன்னா சேருங்க. மீன் எடை போடுற கொக்கித் தராசே போதும், முட்டத்துல அதுக்குப் பஞ்சமில்லை. இடதும் வலதும் ஒரே மாதிரி வந்தாத்தான் உதறல் நிக்கும், அதனால நல்லா இருக்குற இடதையும் இழுத்துப் பாருங்க.

முன் சாக்கிள் ரெண்டையும் கம்பெனி நீளத்துக்கு மாத்திடுங்க. உயரம் வேணும்னே நின்னா, ஆக்சில் இருக்கைக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு வச்சு கேஸ்டரைத் திரும்பக் கொண்டு வரலாம். தடிச்ச முனை வண்டியோட முன்பக்கம் பாத்து இருக்கணும். மாத்தி வச்சா இருக்குற கொஞ்சமும் போயிடும். இரும்பு ஆப்புதான், அலுமினியம் நசுங்கி யூ போல்ட்டைத் தளர்த்திடும். ஆப்பு வச்சா சென்டர் போல்ட்டும் நீளமானதா வேணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகு வீல் பேலன்சும் டோவும் (முன் சக்கரம் ரெண்டும் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்குற அளவு) பாருங்க. முதல்ல பாத்தா காசு வீண்.

முட்டம் ஜிப்சி:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். பின் சாக்கிளையும் கம்பெனி அளவுக்கே இறக்கிடுறேன். ரெண்டு கேள்வி. குளிர்ந்த ஷாக்கை மட்டும் மாத்தினாப் போதுமா? கடல் பக்கம்னால வருஷா வருஷம் அடியில கருப்பு ஆயில் அடிக்கிறது வழக்கம், புதுச் செட்டுக்கும் அடிக்கலாமா?

அருமனை மலைரோடு:

பின்னால ரெண்டும் மாத்துங்க, முன்னது இருக்கட்டும். நீள சாக்கிளுக்குன்னு நீளமான ஷாக் போட்டிருந்தாங்கன்னா நாலையுமே கம்பெனி நீளத்துக்குக் கொண்டு வரணும், இல்லன்னா பள்ளத்துல முழுசா அமுங்கி ஷாக் அடியில முட்டும். மாட்டுறதுக்கு முன்னால நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை முழுசா இழுத்து அமுக்குங்க, கிடையில கிடந்த ஷாக்ல காத்து மாறி நிக்கும். கண் ரப்பரை வாஷர் நசுங்குற அளவுக்கு முடுக்க வேண்டாம்.

வடசேரி பட்டறை:

கருப்பு ஆயில் வேண்டாம். துருவைத் தடுக்கும்னு அடிக்கிறாங்க, கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆனா அது புஷ்ஷை ஊற வைக்கும், பட்டைக்கு நடுவுல போய் மணலைப் பிடிச்சு வச்சுக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் எண்ணெயில குழைஞ்சா அது சாணைப் பசைதான். புதுச் செட்டை ஏத்துறதுக்கு முன்னாலயே பிரிச்சு, ஒவ்வொரு பட்டைக்கும் கிராஃபைட் கலந்த பெயின்ட் மெல்லிசா அடிச்சுக் காய வச்சுக் கோர்க்குறது நல்லது. பிரிக்கும்போது சென்டர் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு நட்டைத் திறங்க, இல்லன்னா பட்டை தெறிக்கும். போல்ட் உடம்புல புஷ் ரப்பர் படாத இடத்துக்கு மட்டும் செம்புப் பசை தடவுங்க, மரையில வேண்டாம், டார்க் அளவு மாறிப்போகும்.

கடற்கரையில இறங்கின அன்னைக்கே நல்ல தண்ணியில அடிப்பாகத்தைக் கழுவுங்க. சேசிஸ் பெட்டிக்குள்ள ஓட்டை வழியா ஹோஸை விட்டு, வடியுற தண்ணி தெளியுற வரைக்கும். பிரஷர் கன்னை கிங் பின் சீலுக்கு நேரா பிடிக்காதீங்க, தண்ணியை உள்ள தள்ளுறதே அதுதான்.

ஒட்டுப்பாலுக்கு மூடி போட்ட டிரம் வாங்குங்க. அதுவரைக்கும் மரத்துல மழைத் தண்ணி பாலில் சேராம கட்டின ரெயின்கார்டு பாலிதீன் மிச்சம் இருந்தா ரெண்டு மடிப்பா பின் தரையில விரிச்சு, ஓரத்தை நாலு விரல் மேல மடக்கி விடுங்க.